வேட்டைக் கண்ணும் ஓவியக் கையும்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு உவப்பானதொரு செயல் வேண்டும். அச்செயலையே பொழுதுபோக்கு என்கிறோம். பொழுது தானே போகக்கூடியது. அதனைப் போக்குவதற்குத் தனி முயற்சி வேண்டுவதில்லை. ஆகவே, ஒரு பொழுதுபோக்கின் தரத்தை அது கழித்த நேரத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. அது கண்ணுக்கு எதைக் காட்டியது, கைக்கு எதைப் பழக்கியது, முடிந்தபின் மனத்தில் எதை வைத்துச் சென்றது என்னும் மூன்று வினாக்களால் அளத்தலே முறை. மேசை ஆட்டம், வேட்டை, சிறுவர் ஓவியம் ஆகிய மூன்றையும் இவ்வளவுகோலால் நோக்குவோமாயின், கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்டப்பள்ளி ஆசிரியர்கட்குக் காத்திருக்கும் கடமை ஒன்று புலனாகும்.

மேசை ஆட்டங்கள்

மேசை ஆட்டங்களில் இன்று சிறுபட்டணங்களிலும் காணப்படுவது பூல். அது பில்லியர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பாகிய ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டு இந்தியாவின் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அதிகாரியால் வகுக்கப்பட்டது என்பர். அதன் விதிகள் நம் தமிழ்நாட்டு உதகமண்டலத்துக் கிளப்பில் ஒழுங்குபெற்றன. துரைமார்களின் ஆட்டமாக இருந்த பில்லியர்ட்ஸில் 1958ஆம் ஆண்டு உலக அமெச்சூர் பட்டம் வென்றவர் இந்தியராகிய வில்சன் ஜோன்ஸ்.

லயத்து வீட்டுத் திண்ணையில் இதே இடத்தைப் பெற்றது கேரம் பலகை. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் கேரம் ஆட்டத்தில் இருமுறை உலகப் பட்டம் வென்று, 1996இல் இந்திய அரசின் அர்ஜுனா விருதையும் பெற்றார். பூல், கேரம் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. விளிம்பில் மோதும் பந்தோ காயோ எந்தக் கோணத்தில் சென்று மோதுகிறதோ, ஏறக்குறைய அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பும். இதனைக் கணக்கு வகுப்பில் சொன்னால் விழிக்கும் மாணவன், கேரம் பலகையில் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்கிறான்.

ஆதலின் மேசை ஆட்டம் இகழத்தக்கது அன்று. கண்ணுக்குக் கோணத்தையும், கைக்கு அளவான விசையையும் அது பழக்குகிறது. ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. மேசை எங்கும் ஒரே மேசை; சென்னையிலும் தஞ்சோங் காராங்கிலும் அதன் பரப்பில் வேறுபாடில்லை. தான் வாழும் மண்ணைப் பற்றி அது பிள்ளைக்கு ஒன்றும் சொல்வதில்லை.

வேட்டை தந்த அறிவு

மண்ணைப் பற்றிச் சொன்ன பொழுதுபோக்கு வேட்டையே. இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் காட்டை அடுத்தும் ஆற்றை ஒட்டியும் எழுந்தவை. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதல் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டு, பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில். பிரெஞ்சுக்காரராகிய ஆன்ரி ஃபோக்கோன்னியே அதனை நட்டார். இளஞ்செம்பனையின் குருத்தையும் உதிர்ந்த பழத்தையும் தேடிக் காட்டுப்பன்றி வரும். பன்றியைத் தேடி நம் முன்னோர் நாயும் ஈட்டியுமாகப் புறப்பட்டனர். பயிருக்குக் காவல், வீட்டுக்குக் கறி, ஞாயிற்றுக்கிழமைக்குக் களிப்பு என அது முப்பயன் தந்தது. கிடைத்ததைக் கூறு போட்டுப் பங்கிட்டுக்கொண்டனர்.

அவ்வேட்டைக்குப் பின்னால் ஓர் அறிவு இருந்தது. சேற்றில் பதிந்த தடத்தில் இரு குளம்புகளுக்குப் பின்னே, பக்கவாட்டில் சற்று விலகி இரு புள்ளிகள் தெளிவாக விழுந்திருந்தால் அது பன்றி. அதே வடிவில் மிகச் சிறியதாய்க் கூர்மையாய் இருந்தால் சருகுமான். ஐந்து விரல்களும் அவற்றிடையே தோலும் தெரிந்தால் நீர்நாய். காற்று எப்பக்கமிருந்து வீசுகிறது, தடத்தின் ஓரம் உலர்ந்ததா ஈரமா, எந்த மரத்தடியில் பழம் உதிர்ந்துள்ளது என்பனவெல்லாம் அவர்கள் வாசித்த எழுத்துகள். பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாதவர்களும் இந்நூலை நன்கு கற்றிருந்தனர்.

இன்று வேட்டைக்குச் சட்டத்தின் எல்லை உண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காக்கப்படும் உயிர்களைப் பட்டியலிட்டுள்ளது. உரிமம் இன்றி அவற்றை வேட்டையாடுதல் குற்றம். அழுங்கு முதலியன முழுப் பாதுகாப்புப் பெற்றவை. காடு சுருங்கிய நாட்டில் இச்சட்டம் வேண்டுவதே. உண்டிவில்லால் குருவி அடிப்பது சிறுவர் விளையாட்டுத்தானே என்று நாம் கண்டும் காணாதிருத்தல் தகாது.

ஆனால் வேட்டை நின்றபோது அதனோடு பிறந்த அறிவும் நிற்கத் தொடங்கிவிட்டது. தடம் வாசிக்கத் தெரிந்த பாட்டன்மார் முதுமை எய்திவிட்டனர். பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்றுவிட்டன. கொல்லும் தொழிலை விடுத்துக் காணும் கலையை மட்டும் காப்பாற்ற இயலுமா?

இயலும் என்பதற்குச் சான்றாக இருவரைக் கூறலாம். தியடோர் ஹப்பாக் என்பவர் மலாயாவில் யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிப் புகழ்பெற்றவர். 1905இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். பின்னர் அவரே விலங்குகளின் காவலராக மாறி, ஒரு தேசியப் பூங்கா வேண்டும் எனப் பல்லாண்டு வாதாடினார். அதன் பயனாக 1938–39ஆம் ஆண்டுகளில் அமைந்த பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. மற்றவர் நம் தமிழர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996). அவர் காட்டுக்குள் கொண்டு சென்றவை ஒளிப்படக் கருவியும் குறிப்பேடுமே. 1950 முதல் தம் இறுதிநாள் வரை ஆங்கில இதழொன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தம் கட்டுரைகளுக்குத் தாமே படமும் வரைந்தார். வேட்டைக் கண்ணும் ஓவியக் கையும் ஒருவரிடமே கூடியிருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

சிறுவர் ஓவியம்

இனி ஓவியத்தை நோக்குவோம். பிள்ளையின் ஓவியம் வளரும் முறையை விக்டர் லோவன்ஃபெல்டு என்னும் கல்வியறிஞர் 1947இல் வெளியிட்ட நூலில் பருவம் பருவமாக விளக்கினார். ஏறத்தாழ 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை தலையிலிருந்தே கைகால் முளைத்த மனிதர்கள் தோன்றுவர். 7 முதல் 9 வரை பிள்ளை ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அச்சு வைத்துக்கொள்கிறது. தாளின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் வீடு, மரம், மனிதர். அதன்பின், 9 முதல் 12 வரை, தான் வரைந்தது உண்மைப் பொருளைப் போல் இல்லையே என்னும் குறை பிள்ளையின் மனத்தில் எழுகிறது. பலர் ஓவியத்தைக் கைவிடுவது இப்பருவத்தில்தான்.

இதனை நாம் ஊன்றி எண்ண வேண்டும். 9 வயது முதல் 12 வயது வரை என்பது மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள நம் மாணவரே. உண்டிவில்லைத் தேடும் வயதும் அதுவே. உண்மையைக் காண விழையும் கண் அப்போது விழித்துக்கொள்கிறது. அதற்கு உணவாக நாம் தருவதோ பெரும்பாலும் இரு மலைகளுக்கிடையே உதிக்கும் சூரியன்! கோலசிலாங்கூர்ப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும் சூரியன், மலாக்கா நீரிணையில் மறையும் சூரியன் அன்றோ?

வகுப்பில் செய்யத்தக்கவை

முதலாவது, புக்கிட் மலாவாத்தி. அங்கே வாழும் சாம்பல் நிற முசுக்களின் குட்டிகள் ஆரஞ்சு வண்ணத்தில் பிறந்து, சில மாதங்களில் தாயின் நிறத்தைப் பெறுகின்றன. காணாமல் வரையும் பிள்ளை குட்டியையும் கருமையாகவே தீட்டும். கண்டு வரைந்த பிள்ளை வண்ணப்பெட்டியில் ஆரஞ்சைத் தேடும். கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த இதனினும் எளிய பாடம் இல்லை.

இரண்டாவது, கூகை. எலிகளை ஒழிப்பதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி அமைப்பது உண்டு. கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக வெளியே கக்கும். பெட்டியின் கீழ்க் கிடக்கும் உருண்டையை ஆசிரியரே கையுறையுடன் எடுத்து, வெயிலில் நன்கு உலர்த்திப் பிரித்தால் எலியின் மண்டையோடும் பற்களும் கிடைக்கும். அவற்றை வரையும் மாணவன் ஓவியத்தோடு உயிரியலும் கற்கிறான். பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, கம்போங் குவந்தான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் கூடி ஒருசேர ஒளிவிடும் மின்மினிகள். ஒளிவிடும் பூச்சி மரத்தில் இருப்பினும், அதன் புழு கரையின் ஈர மண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் காத்துக் கரையை அழித்தால் மின்மினி இல்லை. மரம், கரை, நத்தை, புழு, பூச்சி ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் வரையச் செய்தால், உயிர்களின் தொடர்பு பிள்ளைக்கு விளங்கும். 1987இல் அமைந்த கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் நீர்ப்பறவைகளையும் இவ்வாறே கண்டு வரையலாம்.

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது: தடச்சுவடி. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் ஒரு விலங்கின் தடத்தைக் கேட்டு வரைதல் வேண்டும். விலங்கின் பெயர் தமிழிலும் மலாயிலும், தடம் காணும் இடம், காலம், முதியவர் கூறிய அடையாளம் ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதச் செய்க. வகுப்புக்கு 20 தாள் சேர்ந்தாலும் அது ஒரு நூலாகும். மொழிப்பாடம், ஓவியம், அறிவியல் மூன்றும் அதில் ஒன்றுபடும்.

இது நமக்குப் புதுவழியும் அன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் எனத் தொல்காப்பியர் தொகுத்தார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். வாழும் நிலத்தைப் பெயர் சொல்லி அறிதல் தமிழ்க் கல்வியின் பழைய மரபு. கடல் கடந்து வந்து நூறாண்டுக்கு மேலாக வாழும் இந்நிலத்திற்கும் கருப்பொருள் உண்டு. அதனை அறிந்தவர்கள் நம் பள்ளி வேலிக்கு அப்பால், வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குப் பிள்ளைகளை அனுப்புவோம். இந்தப் பள்ளித் தவணையிலேயே அனுப்புவோம்.