மைன் நதிக்கரை – 12: ஆப்பிள் விழும் மாதங்கள்

பிராங்பேர்ட்டைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லும் நம்மவர்களில் பாதிப் பேர் பார்த்தது விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவர்களை. மிச்சப் பேர் வங்கிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு, ஹைடல்பெர்க்குக்கோ பாரிஸுக்கோ ரயிலேறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊரும் தன்னை அப்படித்தான் காட்டிக்கொள்கிறது. ஆனால் செப்டம்பர் பாதிக்கு மேல் வந்தால், ஒரு டிராம் ஏறி ஊரின் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். வாரம் முழுக்கக் கோட்டும் டையுமாக லிஃப்டில் ஏறி இறங்குகிறவர், சனிக்கிழமை சேறு அப்பிய ரப்பர் பூட்ஸோடு மரத்தடியில் கூடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

கோடையைப் போன வாரத்தோடு முடித்துக்கொண்டோம். இனி இலையுதிர் காலம். இந்தப் பருவத்தில் ஜெர்மனிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இலை எங்கே நல்லா சிவந்திருக்கும்?" என்பதுதான். பகல் குறையக் குறைய மரம் தன் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்குப் பின்னால் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பகலில் வெயிலும் இரவில் குளிரும் வாய்த்தால் சில மரங்களில் சிவப்பு புதிதாக ஊறுகிறது. இந்தப் பக்கத்துக் காடுகளில் பீச்சும் ஓக்கும்தான் அதிகம். கனடாப் படங்களில் வரும் ரத்தச் சிவப்பை நினைத்து வந்தால் மஞ்சளும் செம்பும்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் இங்கே இலை இரண்டாம் பட்சம். முதலில் ஆப்பிள்.

ஊருக்கு வடக்கே 18ஆம் எண் டிராம் போய் நிற்கும் கடைசி நிறுத்தம் கிராவன்ஸ்டைனர் பிளாட்ஸ். கிராவன்ஸ்டைனர் என்பது ஓர் ஆப்பிள் ரகம். அங்கிருந்து காலாற நடந்தால் லோர்பெர்க் குன்று வரும். உயரம் சுமார் 185 மீட்டர்தான், ஆனால் மேலே ஏறி நின்றால் மொத்த ஊரும் கோபுரங்களோடு கீழே கிடக்கும். தெற்குச் சரிவில் 1.3 ஹெக்டேரில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மாநகராட்சிக்குச் சொந்தமானது. ஊர் எல்லைக்குள் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். ஒரு காலத்தில் பிராங்பேர்ட்டைச் சுற்றிலும் திராட்சைக் கொடிதான். 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு குளிர் கூடியது. பிற்பாடு பூச்சியும் நோயும் கொடிகளைத் தின்றன. குடிப்பதற்கு வேறு வழி பார்த்த ஜனங்கள் ஆப்பிளுக்கு மாறினார்கள்.

குன்றைச் சுற்றியுள்ள ஆப்பிள் மரங்கள் வரிசை கட்டி நிற்பவை அல்ல. புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, உயரமான பழைய மரங்கள். நடுவில் ஆடு மேயும். இவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே குன்றின் மேல் மைன்-எப்பல்-ஹவுஸ் என்று ஒரு நிலையத்தைச் சங்கமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். மரத்தைக் கவாத்து செய்வது எப்படி என்று அங்கே வகுப்பெடுக்கிறார்கள், கூட்டத்துக்குக் குறைவில்லை. மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துக் கடித்தால் முகம் கோணிப்போகும். அவ்வளவு புளிப்பு, அவ்வளவு துவர்ப்பு. தின்பதற்கல்ல, பிழிவதற்கு.

பிழிவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கழுவுகிறார்கள். மேலே மிதப்பவற்றைத் துடுப்பால் ஓட்டி அரவை இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். கீழே கூழாக வருகிறது. அதை ஒரு துணியில் பரப்பி, நான்கு முனைகளையும் மடித்து, மேலே ஒரு மரச்சட்டம். மறுபடி துணி, கூழ், சட்டம். இப்படி இடுப்புயரம் அடுக்கி மேலிருந்து அழுத்தினால் சுற்றிலும் பழுப்பாகச் சாறு வழிகிறது. அரை மணியில் ஊரிலுள்ள குளவியெல்லாம் அங்கே வந்துவிடும். குழந்தைகள் ஒரு கையால் குளவியை விரட்டிக்கொண்டே இன்னொரு கையால் டம்ளரை நீட்டும்.

அன்றே குடித்தால் அது ஸூஸர், இனிப்புச் சாறு. சில நாளில் நுரைக்கத் தொடங்கினால் ரவுஷர். பதநீர் கள்ளாகிற கதைதான். ரவுஷரை ருசியாக இருக்கிறதே என்று இரண்டு மூன்று டம்ளர் உள்ளே தள்ளுகிறவர்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். முழுக்கப் புளித்து அடங்கினால் ஆப்ஃபெல்வைன், ஊர்ப் பேச்சில் எப்பல்வாய். ஐந்தாறு சதவீதம் மது, சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. முதல் வாய் யாருக்கும் பிடிக்காது. கைவினை முறையில் இதைச் செய்து, கூடிக் குடிக்கிற வழக்கத்தை 2022இல் ஜெர்மனியின் மரபுப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆற்றுக்குத் தெற்கே சாக்சன்ஹௌசனில் இதற்கென்றே பழைய கடைகள் இருக்கின்றன. சொந்தச் சரக்கு ஊற்றுகிற கடை என்பதற்கு வாசலில் தொங்கும் ஊசியிலை வளையம் அடையாளம். உள்ளே நீள பெஞ்சுகள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தனி மேசை கேட்பவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெம்பல் என்கிற சாம்பல் நிற ஜாடியில் நீலப் பூவேலையோடு வந்து இறங்கும். கண்ணாடி டம்ளரின் மேல் முழுக்கச் சாய்சதுரக் கோடுகள், எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் வழுக்காது என்பார்கள். மது வேண்டாதவர்களுக்கும் அந்த பெஞ்சில் இடமுண்டு, பருவத்தில் ஸூஸர் கிடைக்கும். கிளாப்பர்காஸ்ஸ சந்தில் ஃப்ராவ் ரவுஷர் என்கிற கிழவியின் சிலை நிற்கிறது. திடீர் திடீரென்று வழிப்போக்கர் மேல் தண்ணீரைத் துப்பும். நேரே பார்த்துப் படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

புல்வெளியில் பழம் உதிர்ந்து கிடக்கிறதே என்று பொறுக்கிக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு, எடுத்தால் திருட்டு. சில ஊர்களில் மரத்தில் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள்: யார் வேண்டுமானாலும் வீட்டுத் தேவைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எங்கள் குடியிருப்பில், எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் அந்த நாடாக்களுக்காகவே சைக்கிள் ஓட்டுகிறவர். "வீட்டுக்குள்ளயே இருந்தீங்கள் எண்டா விசர் பிடிச்சிடும் தம்பி, வெளிக்கிடுங்கோ" என்று ஒரு சனிக்கிழமை என்னையும் கிளப்பிக்கொண்டு போனார். இரண்டு பை நிறைந்தது. திரும்பி வந்து, தோலோடு பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் பிசறி, நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்துக் கொட்டினார். நறுக்கிய கையோடு உப்பைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். மாங்காய் போல மாதக்கணக்கில் நிற்காது, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். தயிர்சாதத்தோடு அது நாலு நாள்கூடத் தாங்கவில்லை. இந்தப் புளிப்பு ஆப்பிளுக்கு எப்பல்வாயைவிட ஊறுகாயே நல்ல கதி என்பது என் கட்சி. சாக்சன்ஹௌசனில் போய் இதைச் சொல்ல மாட்டேன்.

சாக்சன்ஹௌசனை ஒட்டியே நகரக் காடு தொடங்குகிறது. 1372இல் பேரரசர் நான்காம் கார்லிடமிருந்து ஊர் விலைக்கு வாங்கிய காடு. ஓரத்தில் கோதே கோபுரம், 43 மீட்டர் உயரம், முழுக்க மரம். 1931இல் கட்டியது 2017 அக்டோபரில் ஓர் இரவில் எரிந்துபோனது, தீ வைத்திருக்கிறார்கள். கான்கிரீட்டும் இரும்பும் இருக்கும் காலத்தில் மறுபடியும் மரத்திலேயே வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தது, பணமும் கொடுத்தது. 2020இல் திரும்ப நின்றது. மேலேறினால் ஒரு பக்கம் கோபுரங்கள், மறு பக்கம் காடு.

அந்தக் காட்டை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. 2018 தொடங்கி அடுத்தடுத்து வந்த வறட்சியில் பீச் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துவிட்டன. சில வருடங்களில் ஆகஸ்டிலேயே இலை பழுத்துக் கொட்டுகிறது. அதைப் பார்த்து, இலையுதிர் காலம் சீக்கிரம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. மரம் தாகத்தில் உதிர்ப்பது அது. இன்னும் மேற்கே தள்ளிப் போனால் விமான நிலையத்தின் மேற்கு ஓடுபாதை. அதற்காகக் காட்டை வெட்டக் கூடாது என்று சுற்றுவட்டார ஜனங்கள் மரங்களுக்கிடையே குடிசை போட்டுக் குடியிருந்தார்கள். 1981 நவம்பரில் போலீஸ் அவற்றைப் பிரித்துப்போட்டது. 1984 ஏப்ரலில் ஓடுபாதை திறந்தது. விமானம் புறப்பட மட்டும், அதுவும் தெற்கே பார்த்து மட்டும். அதில் கிளம்பும் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மிச்சமிருக்கும் காட்டின் மஞ்சளை மேலிருந்து பார்க்கலாம்.

அக்டோபரில் கஷ்கொட்டை. எஸ்-4 ரயிலில் கடைசிவரை போனால் டௌனுஸ் மலையடிவாரத்தில் கிரோன்பெர்க். கோட்டையும் உண்டு, ஆனால் கூட்டம் பையோடு வருவது தின்னும் கஷ்கொட்டைக்காக. இங்கே ஒரு எச்சரிக்கை. ஊருக்குள் சாலையோரம் கொட்டிக் கிடப்பது குதிரைக் கஷ்கொட்டை, தின்னக் கூடாது. அதன் கூட்டில் முள் தடிமனாக, தள்ளித் தள்ளி இருக்கும். கொட்டை வழவழவென்று உருண்டை. தின்னும் வகையின் கூடு முடி அடர்ந்த மாதிரி ஊசி ஊசியாக இருக்கும். கொட்டையின் நுனியில் ஒரு சின்னக் குஞ்சம். அதைச் செருப்புக் காலால் மிதித்துப் பிளந்துதான் எடுக்க வேண்டும். வீட்டில் தோலில் குறுக்காகக் கீறிவிட்டுச் சுடுங்கள். கீறாவிட்டால் அடுப்புக்குள் வெடிக்கும். குதிரைக் கஷ்கொட்டையும் வீணாவதில்லை: தீக்குச்சியைக் கால்களாகச் செருகி மானும் முள்ளம்பன்றியும் செய்து வீட்டு ஜன்னலில் நிறுத்திவிடுகின்றன குழந்தைகள்.

ஒரு முழு நாள் கிடைத்தால் ரைன் நதியோரமாக ரூடஸ்ஹைம் போகலாம், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொடிகள் மஞ்சளாகும் நாட்களில் அந்தச் சரிவுகளுக்கு ஈடில்லை. கயிற்று வண்டியில் மேலே போனால் 1883இல் திறந்த நீடர்வால்ட் நினைவுச் சின்னம். பெரிய சிலை, எனக்கு அதில் ஈடுபாடில்லை. அதற்குப் பதில் வழியிலுள்ள யோஹானிஸ்பெர்க் மாளிகைக்குப் போவேன். அங்கே ஒரு குதிரைக்காரன் சிலை உண்டு. அந்தத் தோட்டத்தில் அறுவடை தொடங்க, தொலைவில் ஃபுல்டாவில் இருந்த மதத் தலைவரின் அனுமதி வேண்டும். 1775இல் அனுமதிச் சீட்டோடு வர வேண்டியவன் வாரக்கணக்கில் தாமதமாக வந்தான். பழமெல்லாம் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பிழிந்தார்கள். அதுவரை குடித்திராத ருசியில் மது வந்தது என்கிறது கதை. இன்று 'தாமத அறுவடை' என்று தனி வகையாகவே விற்கிறார்கள். நேரம் தவறி வந்ததற்குச் சிலை வைத்திருப்பது ஜெர்மனியில்!

மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் நடுவில் புத்தகக் கண்காட்சி. 1949இல் பவுல் தேவாலயத்தில் மறுபடி தொடங்கியது, இந்தியா 1986லும் 2006லும் சிறப்பு விருந்தினர். காலச்சுவடு போன்ற நம் பதிப்பகங்களும் வருகின்றன. உரிமை பேசும் வியாபாரச் சந்தை என்பதால் புத்தகம் அள்ளலாம் என்று பையோடு போகாதீர்கள். கால் வலிதான் மிஞ்சும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நம் பண்டிகைகள் இந்த இருட்டில்தான் வருகின்றன. இங்கே பட்டாசு ஆண்டுக் கடைசியில்தான் விற்பனைக்கு வரும், புத்தாண்டை ஒட்டித்தான் வெடிக்கலாம். கம்பி மத்தாப்புக்குத் தடையில்லை. அதனால் தீபாவளி, வாடகை மண்டபத்தில் பட்டுப்புடவை, பிரியாணி, வாசலில் ஆளுக்கொரு மத்தாப்பு என்று முடிகிறது.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். அதையொட்டிய மாலைகளில் மழலைப் பள்ளிகள் ஊர்வலம் விடும். குழந்தைகள் தாங்களே ஒட்டிய காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். முன்னால் குதிரைமேல் சிவப்புப் போர்வையோடு மார்ட்டின். பின்னால் பெற்றோர், அவர்களுக்கும் பின்னால், மூன்று மாத விசாவில் வந்து மாட்டிக்கொண்ட நம் ஊர்த் தாத்தா பாட்டிகள், குரங்குக் குல்லாயோடு. போன வருடம் பழனிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் மகனைக் கேட்டார்:

"ஏம்ப்பா, குதிரையில வர்றது எந்தச் சாமி?"

"சாமி இல்லம்மா, பட்டாளத்துக்காரர். குளிர்ல நடுங்கின பிச்சைக்காரருக்குத் தன் போர்வையைக் கிழிச்சுப் பாதி குடுத்தவர்."

"பாதிதானா?" என்றார் பாட்டி. "நம்ம பேகன் மயிலுக்கே முழுசாக் குடுத்தானேப்பா."

(தொடரும்)