விளையாட்டைச் சொல்லி வியாபாரத்தைச் சொல்வது எப்படி?

உலகக் கிண்ணப் போட்டி நெருங்கினால் கண்டி நகரின் அச்சகக்காரர்களுக்கு நல்ல காலம். கொழும்பு வீதி, கொட்டுகொடல்ல வீதி என்று எங்கு பார்த்தாலும் பெனர்தான். கிண்ணத்தின் படம், ஒரு வீரரின் படம், "எமது அணிக்கு வாழ்த்துக்கள்" என்ற வாசகம், அடியில் கடையின் பெயர். பத்துக் கடைகளில் இதே பெனர் தொங்கினால் வாடிக்கையாளர் எந்தக் கடையின் பெயரை நினைவில் வைத்திருப்பார்? பெயரை மாற்றிப் பக்கத்துக் கடையில் தொங்கவிட்டாலும் பொருந்துகின்ற பெனருக்கு நாம் கொடுக்கும் காசு வீண் செலவு.

நான் கண்டியில் நீண்ட காலமாகக் கடை வைத்திருப்பவன். எனது அனுபவத்தில் கண்டதை இங்கு சொல்கிறேன். போட்டி எல்லோருக்கும் பொது. ஆனால் அதில் நடந்த ஒரு விடயமும் நமது கடையில் அன்றாடம் நடக்கும் ஒரு விடயமும் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கும். அந்த இடம் நமக்கு மட்டும் சொந்தம். அதைத் தேடிப் பிடித்து இரண்டு வரியில் சொன்னால் அது கதையாகிவிடும். கதையை மக்கள் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

கையும் தராசும்

முத்தையா முரளிதரன் எங்கள் ஊர்ப் பிள்ளை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். தந்தையார் பிஸ்கட் உற்பத்தித் தொழில் செய்தவர். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பர்னில் நடுவர் டெரல் ஹெயார், முரளி பந்தை எறிகிறார் என்று சொல்லித் திரும்பத் திரும்ப 'நோ போல்' கொடுத்தார். அதன் பின்னர் அவர் பேர்த் பல்கலைக்கழகத்தில் உட்படத் தமது கையைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 2007 டிசம்பர் 3ஆம் திகதி, அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தித் தமது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஷேன் வோர்னின் 708 என்ற உலக சாதனை நமது ஊரிலேயே முறியடிக்கப்பட்டது.

இதைப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் எப்படிச் சொல்லலாம்? "சந்தேகப்பட்டார்கள், சோதித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் தராசையும் நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்." இவ்வளவு போதும். அதன் பக்கத்தில் முத்திரையிட்ட இன்னொரு தராசை வாடிக்கையாளர் கையெட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும். வீரரின் பெயரும் தேவையில்லை, படமும் தேவையில்லை. அந்த வாரத்தில் கண்டியில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

முதல் பதினைந்து ஓவர்

1996 உலகக் கிண்ணம் இன்னொரு பாடம். முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேருக்கு மேல் களத்தடுப்பில் நிற்க முடியாது என்ற விதி எல்லா அணிகளுக்கும் ஒன்றாகவே இருந்தது. மற்ற அணிகள் பெரும்பாலும் நிதானமாக ஆரம்பிக்க, சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் அந்த ஓவர்களிலேயே அடித்தாடினார்கள். மார்ச் 17இல் லாஹூர் இறுதியாட்டத்தில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க எதிரணியைத் துடுப்பெடுத்தாட அழைத்தார். அதுவரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளையும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற, இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது.

பெருநாள் வியாபாரமும் அப்படித்தான். காலம் எல்லோருக்கும் ஒன்று. ஷஃபான் மாதத்திலேயே சரக்கை இறக்கிவிட்ட புடவைக் கடைக்காரர், "நாங்கள் முதல் பதினைந்து ஓவரிலேயே ஆரம்பித்துவிட்டோம்" என்று எழுதினால் வாசிப்பவர் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். ஆனால் சரக்கு உண்மையிலேயே வந்திருக்க வேண்டும்.

உள்ளூர் ஆட்டத்தை மறக்க வேண்டாம். கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் இடையே 1945இல் ஆரம்பமான பிரட்பி கேடய ரக்பி போட்டி இரண்டு கட்டங்களாக நடக்கும். கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று. இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம். மின்சாரப் பொருட்கள் விற்பவருக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. விற்பது முதற் கட்டம். பழுதானால் திருத்திக் கொடுப்பது இரண்டாம் கட்டம். "நாங்கள் இரண்டு கட்டமும் விளையாடுகிறோம்" என்று அவர் சொல்லலாம்.

மழையை நம்பி எழுதுங்கள்

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி பல்லேகலவில் ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்தது. மழையால் பாகிஸ்தான் துடுப்பெடுத்தாடவே இல்லை, முடிவும் இல்லை. "எமது அணி வென்றால் இத்தனை வீதம் கழிவு" என்று முன்கூட்டியே அச்சடிப்பவர் இப்படிப்பட்ட நாளில் என்ன செய்வார்? வெற்றி தோல்வியில் தங்கியிராத கதையைத் தேர்ந்தெடுப்பதே புத்தி. காசு வாங்கிக்கொண்டு ஓட்ட எண்ணிக்கையை ஊகிக்கச் சொல்லிப் பரிசு கொடுக்கும் வேலை சூதாட்டத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஆலிம்களிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1996இல் உத்தியோகபூர்வ குளிர்பானம் என்ற உரிமையைக் கொகா கோலா பெற்றிருந்தது. பெப்ஸியோ, தன்னிடம் உத்தியோகபூர்வமாக எதுவுமில்லை என்பதையே கேலியாகச் சொல்லி விளம்பரம் செய்து பேர் வாங்கியது. அதன் பின்னர் ஏற்பாட்டாளர்கள் கடுமையானார்கள். 2003 உலகக் கிண்ணத்தின்போது தென்னாபிரிக்காவில் இதற்கெதிராகச் சட்டமே இருந்தது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் வர்த்தகக் குறிகளுக்கும் நேர்மையற்ற போட்டிக்கும் விதிகள் வைத்திருக்கிறது. ஆகவே போட்டியின் இலச்சினை, 'அனுசரணையாளர்' என்ற சொல், அனுமதி பெறாத வீரரின் படம் ஆகிய மூன்றையும் தொடாதீர்கள். பெப்ஸியிடம் சட்டத்தரணிகள் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது கல்லாப்பெட்டி மட்டும்தான்.

ஏன் இவ்வளவு சிரமம்?

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் நமது கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். விளம்பரம் நெருப்பை அணைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், கடையை வெறும் பெயர்ப்பலகையாக மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கும், கடைக்காரரின் நாணயத்தைக் கதையாகக் கேட்டு வைத்திருப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. முரளியின் 709ஐச் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் ஒன்றாகக் கொண்டாடினார்கள். அப்படியொரு நாளில் நாம் பேசினால் மூன்று தரப்பும் காது கொடுக்கும். ஆகவே தமிழில் எழுதியதைச் சிங்களத்திலும் எழுதுங்கள். பிழையில்லாமல் எழுத, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

செலவு பெரிதல்ல. கடை வாசலில் ஒரு கரும்பலகை, பில்லின் பின்பக்கம், வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் ஆறிய தேநீர்தான். எழுதியதை முதலில் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். "தராசைச் சோதிக்கலாம்" என்று வாசலில் எழுதியிருக்க, உள்ளே நிற்பவர் முகம் சுளித்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் "ஆமாம் முதலாளி, நாம் அப்படித்தான் செய்கிறோம்" என்று சொன்னால் தாராளமாக வாசலில் எழுதிப் போடுங்கள்.