ஊரையே லாரியில் ஏற்றிய கதை... அடாமினபி தெரியுமா?

வீடு மாத்தியிருப்போம். ஊரையே மாத்துறது? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் குட்டி ஊரான அடாமினபியில் அதுதான் நடந்தது.

1949-ல் தொடங்கிய ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்காக, யூகம்பீன் ஆற்றின் குறுக்கே அணை கட்ட முடிவானது. தண்ணீர் தேங்கப்போகும் பள்ளத்தாக்கில்தான் ஊர் இருந்தது. 1956, 57-ம் ஆண்டுகளில் நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி இடம் மாறின. பெரும்பாலும் மர வீடுகள். அப்படியே தூக்கி லாரியில் வைத்துவிட்டார்கள். சர்ச்சுகளும் கூடவே போயின.

வீடு வந்துடுச்சு, சரி. ஆற்றங்கரை நிலம்? அது ஏரிக்கு அடியில் போனதுதான். 'வளர்ச்சி' கணக்கில் இது எப்போதும் அடிக்குறிப்பு.

2007 வறட்சியில் ஏரி வற்றியபோது, பழைய ஊரின் அஸ்திவாரங்களும் வீடில்லாத வாசற்படிகளும் சேற்றிலிருந்து எட்டிப் பார்த்தன.