கோடாரி பறந்த வழி

ஆப்பரேட்டர் கேபினில் நிற்பவனுக்கு ஜனங்களின் முகம் தெரியாது. பிடரிதான் தெரியும். 1980-ல் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தியேட்டரில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு லைசென்ஸ் வாங்கினேன், கார்பன் குச்சி எரிய எரிய நகர்த்தினேன், பிலிம் பெட்டி வருவதே நின்றுபோன பிறகுதான் வெளியே வந்தேன். அத்தனை வருஷமும் சுவரில் இருந்த அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்துப் பிடரியைப் படிக்கப் பழகிவிட்டேன். ஆடாமல் இருந்தால் படம் பிடித்திருக்கிறது. பக்கத்துத் தலையோடு போய்ச் சேர்ந்தால் கதை கையை விட்டுப் போய்விட்டது. வரிசையாக எழுந்து நடந்தால் பாட்டு சரியில்லை.

எல்லாப் பிடரியும் ஒரே நேரத்தில் பின்னுக்கு வெட்டியதை ஒரு படத்துக்குத்தான் பார்த்தேன். 1984 ஆகஸ்டில் வெளியான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ எடுத்த, இந்தியாவின் முதல் த்ரீடி படம். திரையில் ஒரு கை நீண்டால் போதும், கீழே அத்தனை தலையும் ஒருமிக்கச் சாயும். அடுத்த நொடி ஒரு சிரிப்பு எழும். பயந்துவிட்டோமே என்று தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பை மறுபடியும் நான் கேட்டது போன ஜனவரியில், நியூஜெர்சியில், மகள் வீட்டு பேஸ்மெண்டில்.

என் மாப்பிள்ளைக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. யாருமே கேள்விப்படாத பழைய அமெரிக்கத் திகில் படங்களின் டிஸ்க்குகளை வாங்கி அடுக்குவார். அவற்றைப் பார்ப்பதற்காகவே, கம்பெனிகள் எப்போதோ தயாரிப்பதை நிறுத்திவிட்ட த்ரீடி டிவி ஒன்றைக் குழந்தை மாதிரி காப்பாற்றி வைத்திருக்கிறார். “மாமா, உங்க தொழில் சம்பந்தப்பட்ட படம் ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?” என்று கூப்பிட்டார். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. வேறு எங்கே போக? அவரோடு வேலை பார்க்கும் ஒரு தமிழ்த் தம்பதியும், ஐம்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரரும் வந்திருந்தார்கள். படத்தின் பெயர் ‘சைலன்ட் மேட்னஸ்’. அதுவும் 1984-ல் வந்ததுதான்.

ஸ்லாஷர் என்று ஒரு வகைப் படம் உண்டு. 1978-ல் ‘ஹாலோவீன்’ போட்ட பாதை. ஒரு கொலைகாரன், அவன் கையில் கூர்மையாக ஏதோ ஒன்று, ஊருக்கு ஒதுக்குப்புறமாக சில இளைஞர்கள், ஒவ்வொருவராகச் சாவார்கள், கடைசியில் ஒரு பெண் மிஞ்சுவாள். எடுக்கச் செலவு குறைவு, வசூல் அதிகம் என்பதால் எண்பதுகளில் அமெரிக்காவில் இதை வத்தல் போடுகிற மாதிரிப் போட்டுத் தள்ளினார்கள். 1982-ல் ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’தின் மூன்றாம் பாகத்தை த்ரீடியில் எடுத்தார்கள். ஒருவன் யோ-யோ ஆட்டினால் அது பார்ப்பவர் மூக்குக்கு வரும், சோளப்பொரி வெடித்துத் தெறிக்கும், கடைசியில் ஒரு விழியே பிதுங்கி வந்து விழும். அந்தக் கோடையில் முதலிடத்தில் இருந்த ‘ஈ.டி.’யை அங்கிருந்து இறக்கியது அந்தப் படம். பிறகு கேட்கவா வேண்டும், ‘ஜாஸ்’ மூன்றாம் பாகம், ‘அமிட்டிவில்’ மூன்றாம் பாகம் என்று 1983-ல் மூன்றாம் பாகங்கள் த்ரீடியாக வந்தன. ‘சைலன்ட் மேட்னஸ்’ வந்து சேர்ந்தபோது அந்த அலை வடிந்துவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளி.

கதை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் மாப்பிள்ளையே சிரிக்கிறார். இடமில்லாமல் திண்டாடும் ஒரு மனநல மருத்துவமனை, ஜான் ஹவர்டு என்ற சாதுவான நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்கிறது. கம்ப்யூட்டர் பெயரைப் புரட்டிப் போட்டு, ஹவர்டு ஜான்ஸ் என்ற கொலைகாரனை அனுப்பிவிடுகிறது. ரேஷன் கார்டில் அப்பா பெயரும் தன் பெயரும் இடம் மாறி வந்து அலைந்தவர்களுக்கு இது புனைகதையாகவே தோன்றாது. தவறைக் கண்டுபிடிக்கும் பெண் டாக்டரிடம், அந்த ஆள் செத்துவிட்டான் என்று நிர்வாகம் சாதிக்கிறது. அவனோ பல வருஷத்துக்கு முன் கொலை செய்த அதே கல்லூரி மாணவிகள் விடுதிக்குத் திரும்பிப் போகிறான், வாயே திறக்காமல். டாக்டராக பெலிண்டா மாண்ட்கோமரி. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவாக ஸ்வீடனில் பிறந்த விவேகா லிண்ட்ஃபோர்ஸ். அந்த அம்மாள் ஒரு கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதே மற்றவர்கள் கத்துவதைவிட நடுக்கமாக இருந்தது. முடிவைச் சொல்ல மாட்டேன். இடைவேளையில் வெளியே நிற்கிறவனிடம் கிளைமாக்ஸைச் சொல்லும் ஆப்பரேட்டரை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை.

சரி, கோடாரிக்கு வருகிறேன். இந்தப் படத்தைப் பார்த்த யாரிடம் பேசினாலும் கோடாரியில்தான் போய் நிற்கும் என்றார் மாப்பிள்ளை. கொலைகாரன் வீசுகிறான். கோடாரி சுழன்று சுழன்று நம் முகத்துக்கு நேராக வருகிறது. வருகிற கோடாரி இரும்பும் மரமுமாக இல்லை; தனியாகத் தயார் செய்து பிலிம் மேல் ஒட்டிய படம் என்று பார்த்ததுமே தெரிகிறது. அந்தத் தமிழ்ப் பெண் முதலில் சோபாவில் பின்னுக்குச் சாய்ந்தார். சாய்ந்த தலை நிமிர்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய கணவர் திரும்பப் போடச் சொன்னார். நான்கு முறை பார்த்தார்கள். நான்கு முறையும் முதலில் உடம்பு சாய்ந்தது, பிறகுதான் வாய் சிரித்தது. பொய் என்று புத்திக்குத் தெரிந்திருந்தும் கழுத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

இந்தப் படத்தை எடுத்த சைமன் நுக்டர்ன் என்பவரைப் பற்றி மாப்பிள்ளை சொன்னது எனக்குப் படத்தைவிட சுவாரசியமாக இருந்தது. அர்ஜென்டினாவில் எடுத்து விலைபோகாமல் கிடந்த ஒரு படத்தை வாங்கிய விநியோகஸ்தர் ஒருவர், அதன் வாலில் சில நிமிஷம் புதிதாக எடுத்து ஒட்டி, 1976-ல் ‘ஸ்னஃப்’ என்று வெளியிட்டார். ஒரு பெண்ணை கேமரா முன்னால் நிஜமாகவே கொல்வது போன்ற காட்சி. அந்த வாலை எடுத்துக் கொடுத்தவர் இதே நுக்டர்ன்தான். கலர்ச் சாயம், ரப்பர் என்று இன்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அன்று நியூயார்க்கில் பெண்கள் அமைப்புகள் தியேட்டர் வாசலில் மறியல் செய்தன. கடைசியில் அரசு வழக்கறிஞரே விசாரித்து, அந்த நடிகை உயிரோடு இருக்கிறார் என்று அறிவிக்க வேண்டி வந்தது. தட்டையான திரையில் ஒரு கொலையை அரசாங்கமே விசாரிக்கும் அளவுக்கு நம்ப வைத்த மனுஷர், எட்டு வருஷம் கழித்து ஆழமும் நீளமுமாக ஒரு கோடாரியை வீசி, ஒருவரைக்கூட நம்ப வைக்க முடியவில்லை.

ஏன்? என் அனுபவத்தில் சொல்கிறேன். சாதாரணப் படத்தில் எல்லாமே தட்டை. ஒட்டுப்போட்ட கோடாரியும் தட்டை, ஓடுகிற மனிதனும் தட்டை, யாரும் கண்டுகொள்வதில்லை. த்ரீடியில் மனிதனுக்குக் கனம் வந்துவிடும், மேஜைக்குப் பின்பக்கம் இருப்பது தெரியும். அந்தக் கூட்டத்தில் அட்டை மாதிரி ஒன்று மிதந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். ஆழம் தெரிந்தால்தான் தட்டை எது என்றும் தெரியும்.

வெள்ளைக்காரர் மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் இந்தப் படத்தை வீடியோ கேசட்டில் பார்த்தவராம். இருட்டாக இருந்தது, காரணமே இல்லாமல் ஆளாளுக்கு எதையாவது கேமரா பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள், பைத்தியக்காரப் படம் என்று நினைத்தேன் என்றார். இத்தனை வருஷம் அப்படியே நண்பர்களிடம் சொல்லியும் வந்திருக்கிறார். இப்போது விடுதியின் நடைபாதையைப் பார்த்துவிட்டு, இது இவ்வளவு நீளமா என்று கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. இதைப் புரிந்துகொள்ள பிலிமைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து எம்.எம். பிலிமில் ஒரு பிரேமுக்கு ஓரத்தில் நாலு துளை. அந்தக் காலத்து த்ரீடியில் அந்த ஒரு பிரேமை இரண்டாகப் பிரித்து, மேல் பாதியில் ஒரு கண்ணுக்கான படம், கீழ்ப் பாதியில் மறு கண்ணுக்கான படம் என்று பதிப்பார்கள். ‘சைலன்ட் மேட்னஸ்’ எடுத்த ஆரிவிஷன் லென்ஸும் இந்த மேல்-கீழ்க் கணக்குதான். புரொஜெக்டரில் ஒரு விசேஷ லென்ஸ் மாட்டினால் இரண்டும் திரையில் ஒன்றன் மேல் ஒன்று விழும், வேறு வேறு திசையில் வடிகட்டிய வெளிச்சமாக. கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தனக்கான வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். வெள்ளைத் திரை அந்த வடிகட்டலைக் கலைத்துவிடும் என்பதால் வெள்ளிப் பூச்சு அடித்த திரை வேண்டும். பிலிமிலேயே பாதி அளவுப் படம், அதன் மேல் இத்தனை வடிகட்டி. திரைக்கு வந்து சேரும் வெளிச்சம் அமாவாசைக்கு முந்தின நாள் நிலா மாதிரி. அமெரிக்காவிலும் பல தியேட்டர்காரர்கள் லென்ஸைச் சரியாகப் பொருத்தாமல், விளக்கின் பலத்தைக் கூட்டாமல் ஓட்டினார்கள். தலைவலியோடு வீட்டுக்குப் போன ஜனங்கள் அடுத்த த்ரீடி படத்துக்கு வரவில்லை.

வீடியோ கேசட் போட்டவர்கள் இரண்டு பாதியில் ஒன்றை எடுத்துப் பதிந்துவிட்டார்கள். அதாவது வெள்ளைக்காரர் பார்த்தது ஒரு கண்ணின் படம். அவர் மட்டுமா, கேசட் காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்து மட்டம் என்று முடிவு கட்டிய அத்தனை பேரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவர்கள்தான். வெகு காலம் கழித்து இரண்டு கண்ணுக்குமாக டிஸ்க் வந்த பிறகே சிலருக்காவது அந்தக் கணக்குத் தீர்ந்தது. அதனால் படம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடவில்லை. நடுவில் பேச்சு இழுவைதான், போலீஸ்காரர் வருகிற இடமெல்லாம் வேறு ஏதோ படம் மாதிரி இருக்கிறது. ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் நோயாளிகள் என்று மருத்துவமனையில் நிற்க வைக்கிறார்களே, அந்தக் காட்சிகளை ஒற்றைக் கண்ணில் பார்த்தால் ஒன்றுமே கிடையாது.

இதிலே ஒரு வேடிக்கை. த்ரீடி படங்களில் பெரிய பெயர் வாங்கிய ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ 1953-ல் வந்தது. அதை இயக்கிய ஆந்த்ரே டி தோத்துக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. ஜனங்கள் எதற்குத் தலையைச் சாய்க்கிறார்கள் என்று அவர் கண்ணுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. பிடரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், என்னைப் போல.

படம் முடிந்து, மாப்பிள்ளை ஐந்தாவது முறையாகக் கோடாரிக்குத் திருப்பினார். மகள் காபி கொண்டுவந்தாள். சோபாவில் கிடந்த கண்ணாடி ஒன்றை இருட்டில் எடுத்து மாட்டிக்கொண்டாள். கோடாரி வந்தது. எல்லோரும் சாய்ந்தார்கள், சிரித்தார்கள். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“என்னப்பா இது? உள்ளதானே போகுது?”

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார் மாப்பிள்ளை. நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தாள். இடது கண்ணுக்கு உரியது வலதுக்குப் போய்விட்டது. அப்போதுதான் குட்டிச்சாத்தான் ஓட்டிய நாளில் நடந்ததைச் சொன்னேன். ரெண்டாவது ஆட்டத்தில் பிலிம் அறுந்தது. அவசரத்தில் ஒட்டினேன், இரண்டு துளை தள்ளி. சாதாரணப் படமாக இருந்தால் பாதித் தலை கீழேயும் பாதித் தலை மேலேயும் தெரிந்து மானம் போயிருக்கும். இதில் மேலும் கீழும் ஒரே மாதிரிப் படம் என்பதால் திரையில் ஒரு கோளாறும் தெரியவில்லை. இடது கண்ணின் படம் வலது கண்ணுக்கும், வலது இடதுக்குமாக ரீல் முடிகிற வரை ஓடியது. பக்கத்தில் இருந்தது தூரம், தூரத்தில் இருந்தது பக்கம். கீழே ஜனங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். அப்போது கண்ணாடியால் மெட்ராஸ் ஐ வரும் என்று ஒரு வதந்தி வேறு உலவியது. ஒருவர் எழுந்து, கண் போச்சு என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை மொழிபெயர்க்க, வெள்ளைக்காரர் கேட்டு முடித்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றித் தலைகீழாக மாட்டிக்கொண்டார். மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நான் ரிமோட்டை வாங்கி அந்த இடத்துக்குத் திருப்பிப் போட்டுவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய் நின்றேன். கோடாரி கிளம்பியது. ஒரு பிடரியும் அசையவில்லை.