உங்களுக்குத் தெரியுமா? முயலுக்கும் உண்டு பட்டா!

நேற்றுவரை மடியில் கிடந்த முயல்குட்டி, இன்று கூண்டுக்குள் கை விட்டால் உறுமிப் பாய்கிறதா? 3 முதல் 6 மாதத்தில் பருவமடையும், கருத்தடை செய்யாத முயல்களிடம் இது சகஜம். முகவாய்க்கு அடியில் வாசனைச் சுரப்பி உண்டு. நாற்காலிக் கால், செருப்பு, உங்கள் கால்விரல் என எதிலும் தேய்த்து உரிமை கொண்டாடிவிடும். அந்த வாடை நமக்குத் தெரியாது. ஆண் முயல் பீய்ச்சும் சிறுநீர் நன்றாகவே தெரியும்!

அதட்டினால் பயம்தான் கூடும். அது வெளியே உலாவும்போது கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். கழிவுத் தட்டில் கொஞ்சம் புழுக்கையை விட்டுவையுங்கள். மொத்தமாகக் கழுவினால் மறுபடி குறியிடத் தொடங்கும்.

கருத்தடை செய்தாலும் ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஆணைப் பெண்ணோடு விடக்கூடாது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. அதனால் நாய், பூனையைப்போல அறுவைசிகிச்சைக்கு முன் பட்டினி போட வேண்டியதில்லை.