உங்களுக்குத் தெரியுமா? சீனியில்லாத் தித்திப்பு

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து மண்சட்டிகளில் வரும் எருமைத் தயிரைத் தித்திப்பின்றி உண்ண மனமொப்பாத நீரிழிவு நோயாளர் நாடக்கூடிய சக்கரீன் என்னும் சிறு குளிகையானது, 1879 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் நிலக்கரித் தார் சம்பந்தமான இரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கொன்ஸ்தந்தீன் பால்பேர்க் என்பார், உணவுண்ணும் வேளையிலே தம் கைவிரல்களில் அபூர்வமானதோர் இனிமையை உணர்ந்தமையால் உலகறிய வந்ததாகும். சீனியைவிட ஏறத்தாழ 300 மடங்கு தித்திக்கும் இப்பதார்த்தம், சரீரத்தில் சீரணமாகாது பெரும்பாலும் சிறுநீருடனேயே வெளியேறிவிடுதலால், இரத்தத்தில் சீனியின் அளவை உயர்த்துவதில்லை. நாவிலே மெல்லிய கசப்பை விட்டுச் செல்வதுதான் அதன் குறை. அதே தயிரின் மீது நாம் ஆசையோடு ஊற்றும் கித்துள் பாணியோ, இயற்கையின் கொடை என்று போற்றப்படினும், நோயாளரைப் பொறுத்தவரையில் பெரும்பாகம் சீனியே.