முயல் இல்லாத முயல் குழம்பு

பிரஸ்ஸல்ஸ் நகரில் சாதாரண உணவகம் ஒன்றில் உட்கார்ந்தாலும் மெனு கார்டில் 'ஃபிலே அமெரிக்கேன்' என்ற பெயர் கண்ணில் படும். ஹாம்பர்கர் மாதிரி ஏதோ வரும் என்று நம்பி ஆர்டர் கொடுக்கும் வெளியூர்க்காரர் முன்னால் வந்து உட்காருவது பச்சை மாட்டிறைச்சி. கொழுப்பு நீக்கிய இறைச்சியை மையக் கொத்தி, முட்டையின் மஞ்சள் கரு, கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேப்பர், வூஸ்டர் சாஸ் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, அடுப்பைக் காட்டாமல் குளிர்ச்சியாகவே பரிமாறுவார்கள். பக்கத்தில் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவல் இருக்கும். பெல்ஜியக்காரர்களுக்கு இது வீட்டு உணவு. கறிக்கடையில் எடைபோட்டு வாங்கி, காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் அளவுக்குப் பழகிய உணவு.

இதில் அமெரிக்கா எங்கிருந்து வந்தது? 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சமையல்காரர்கள் மஞ்சள் கருவோடு பரிமாறும் பச்சைக் கொத்துக்கறியையே 'அமெரிக்க முறை' ஸ்டேக் என்று அழைத்தார்கள். பிரெஞ்சு சமையலுக்கு இலக்கணம் வகுத்த எஸ்கோஃபியேயின் 'கீட் குலினேர்' நூலின் 1921 ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். அதே பதிப்பில் 'ஸ்டேக் தார்தார்' என்பதும் இருக்கிறது: மஞ்சள் கரு இல்லாமல், தார்தார் சாஸைத் தனியாக வைத்துக் கொடுத்தால் அது தார்தார். ஆக, தார்தார் என்ற பெயரைக் கொடுத்தது பக்கத்தில் இருந்த சாஸ். தாத்தாரியக் குதிரை வீரர்கள் சேணத்துக்கு அடியில் இறைச்சியை வைத்து மெதுவாக்கித் தின்றார்கள் என்ற கதையைப் பயண நூல்கள் இன்றும் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அந்தக் கதையை விட்டுவிடுவது நல்லது. பின்னாளில் பிரான்சில் தார்தார் என்ற பெயரே நிலைத்தது. பெல்ஜியத்தில் அமெரிக்கேன் நிலைத்தது. 1920களில் பிரஸ்ஸல்ஸில் ழோசஃப் நீல்ஸ் என்ற உணவகக்காரர் மசாலா எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து கொடுக்கும் இன்றைய வடிவத்தைப் பிரபலமாக்கினார்.

மிஸ்டர் பீன் தன் பிறந்தநாளுக்கு உணவகத்தில் தனியாக உட்கார்ந்து ஸ்டேக் தார்தார் ஆர்டர் செய்துவிட்டு, வந்ததைப் பார்த்து விழித்து, பூச்சாடியிலும் சர்க்கரைக் கிண்ணத்திலும் ஒளித்துவைக்கும் காட்சி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 1990 இல் ஒளிபரப்பான அந்தக் காட்சிக்கு உலகமே சிரித்தது. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டவர்கள் உலகம் முழுக்க இருப்பதால்தான் அது எல்லோருக்கும் புரிந்தது.

பிரஸ்ஸல்ஸில் 'அமெரிக்கேன்' சாண்ட்விச் கேட்டால் ரொட்டிக்குள் பச்சைக் கறி. எல்லையைத் தாண்டி வடபிரான்சின் லீல் நகரில் அதே பெயரைச் சொன்னால், நீள ரொட்டியைப் பிளந்து வெந்த கொத்துக்கறியையும் உருளைக்கிழங்கு வறுவலையும் உள்ளே அடைத்துக் கொடுப்பார்கள். இரண்டு ஊரிலும் பேச்சு பிரெஞ்சுதான். பெல்ஜியத்தில் இதே பச்சைக் கறியை வாட்டிய ரொட்டியின்மேல் வைத்துக் கொடுத்தால் அதன் பெயர் 'தோஸ்த் கன்னிபால்', அதாவது நரமாமிசம் தின்பவனின் ரொட்டி. பெயரிலேயே உண்மையைப் பாதி சொல்லிவிடுகிறது என்பதால் இது கொஞ்சம் நேர்மையான பெயர்.

இந்தப் பெயர்கள் சாப்பிடுபவருக்குத் தகவல் சொல்வதற்காக வைக்கப்பட்டவை இல்லை. ஓர் அரசியைக் கௌரவிக்க, ஒரு போரை நினைவில் வைக்க, சமையலறைக்குள் ஒருவருக்கொருவர் சுருக்கமாகச் சொல்லிக்கொள்ள உருவான பெயர்கள் இவை. எஸ்கோஃபியே காலத்துச் சமையல்காரரிடம் 'கிரெசி' என்றால் காரட் இருக்கிறது என்று பொருள். 'ஃப்ளோரன்தீன்' என்றால் பசலைக்கீரை. 'சேன் ழெர்மேன்' என்றால் பச்சைப் பட்டாணி. 'அர்ழாந்த்தோய்' என்றால், ஒரு காலத்தில் பாரிசுக்கு அருகில் அந்த ஊரில் விளைந்த அஸ்பாரகஸ். 'து பாரி' என்ற 15 ஆம் லூயியின் காதலியின் பெயர் சூப்போடு சேர்ந்தால் அது காலிஃபிளவர் சூப். சமையலறைக்கு உள்ளே எல்லாம் தெளிவு. வாசலைத் தாண்டி மேசைக்கு வரும்போதுதான் பொருள் நழுவிவிடுகிறது.

இவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 'பார்மான்தியே'. அந்தச் சொல் மெனுவில் எங்கிருந்தாலும் உருளைக்கிழங்கு உண்டு. ஆந்த்வான் ஓகுஸ்தேன் பார்மான்தியே 18 ஆம் நூற்றாண்டு மருந்தாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் கைதியானபோது உருளைக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார். அன்றைய பிரான்சில் அதைப் பன்றித் தீவனம் என்று ஒதுக்கினார்கள். தின்றால் தொழுநோய் வரும் என்ற அச்சமும் இருந்தது. ஊர் திரும்பிய பார்மான்தியே வாழ்நாள் முழுக்க அந்தக் கிழங்குக்காக வாதாடினார். 1772 இல் பாரிஸ் மருத்துவப் புலம் அது உண்ணத் தகுந்தது என்று அறிவித்தது. இன்று கொத்துக்கறியின்மேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் 'அஷி பார்மான்தியே' பிரெஞ்சுப் பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவு. பாரிஸின் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதிமேல் மக்கள் பூவுக்குப் பதில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டுப் போகிறார்கள். பசியைத் தீர்த்த ஒரு மனிதரின் பெயரை ஒரு தேசம் தினமும் மதியச் சாப்பாட்டில் உச்சரிக்கிறது. இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாப் பெயர்களும் இப்படி மரியாதையில் பிறந்தவை இல்லை. சில வெறும் தோற்றத்தில் பிறந்தவை. 'ஸ்டேக் அ ஷெவால்' என்று பார்த்துவிட்டு, ஷெவால் என்றால் குதிரை ஆயிற்றே என்று பதறி அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது மாட்டிறைச்சி. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது பொரித்த முட்டை. குதிரைச் சவாரி செய்வது முட்டைதான். ஆனால் 'அ ஷெவால்' என்பது 'த ஷெவால்' ஆனால் கதையே வேறு. அது உண்மையான குதிரை இறைச்சி. பிரான்சில் 1866 முதல் அதன் விற்பனை சட்டப்படி நடக்கிறது. குதிரைத்தலை பொறித்த பெயர்ப்பலகையோடு தனிக் கறிக்கடைகளே இருந்தன. பிரஸ்ஸல்ஸுக்கு வடக்கே உள்ள வில்வோர்ட் குதிரை ஸ்டேக்குக்குப் பேர்போன ஊர்.

பெல்ஜியத்தின் 'தலையில்லாப் பறவை'யும் இந்த வகைதான். மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுக்குள் கொத்துக்கறியை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி வேகவைக்கிறார்கள். சுருட்டிய உருவம் சிறகு பிடுங்கிய சிறு பறவை போல இருப்பதால் அந்தப் பெயர். தென்பிரான்சில் இதுவே 'தலையில்லா வானம்பாடி'.

லியோன் நகரத்து மெனுக்கள் இன்னும் கடினம். அங்கே 'தப்லியே த சப்பேர்' என்றால் படைவீரர் இடுப்பில் கட்டும் தோல் ஏப்ரன். தட்டில் வருவது மாட்டின் இரைப்பையை வேகவைத்து, ஒயினில் ஊறவைத்து, ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பெரிய துண்டு. அதற்கு நேர் எதிரானது 'செர்வேல் த கானு', நெசவாளியின் மூளை. பெயரைக் கேட்டதும் சைவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளுவார்கள். கிண்ணத்தில் இருப்பதோ பூண்டும் சிறுவெங்காயமும் பச்சிலைகளும் எண்ணெயும் சேர்த்து அடித்த புதுப் பாலாடைக்கட்டி. கானு என்பவர்கள் லியோனின் பட்டுத் தறித் தொழிலாளிகள். கூலிக்காக 1831 இலும் 1834 இலும் கிளர்ந்து எழுந்து, படையால் ஒடுக்கப்பட்டவர்கள். ஆட்டு மூளை வாங்க முடியாத ஏழைகள் பாலாடையைத் தின்று திருப்திப்பட்டார்கள் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். தொழிலாளியை மேல்தட்டினர் இளக்காரம் செய்து வைத்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், இன்று அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று லியோனில் யாரும் கேட்பதில்லை. பெருமையாகவே சொல்கிறார்கள்.

தமிழர்கள் அதிகம் ஏமாறக்கூடியது 'ரி த வோ' என்று நினைக்கிறேன். பிரெஞ்சில் அரிசிக்கும் 'ரி' என்றுதான் உச்சரிப்பு. எழுத்தில் மட்டும் கடைசி எழுத்து வேறு. காதால் கேட்பவருக்குக் கன்றுக்கறி போட்ட ஏதோ ஒரு சோறு என்றே தோன்றும். ஆனால் அது இளங்கன்றின் தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற இந்தச் சுரப்பி சுருங்கிவிடும் என்பதால் கன்றிடம் மட்டுமே நல்ல அளவில் கிடைக்கும். விலையும் அதிகம். குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, கொதிநீரில் ஒரு கொதி விட்டு, மேல்தோலை உரித்து, பளு வைத்து அழுத்தி, பிறகு வெண்ணெயில் பொன்னிறமாக வதக்குவார்கள். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் கைத்திறனைக் காட்டும் பதார்த்தங்களில் இது ஒன்று. தெரிந்து சாப்பிடுகிறவருக்கு விருந்து. சோறு என்று நம்பி வந்தவருக்கு அதிர்ச்சி.

இப்போது பெல்ஜியத்தின் லியேழ் நகரத்துக்கு வருவோம். பிரான்சின் உணவகங்களில் 'கஃபே லியேழ்வா' என்றால் சூடான காபி வராது. உயரமான கண்ணாடிக் குவளையில் காபி, காபி ஐஸ்கிரீம், மேலே அடித்துப் பொங்கிய கிரீம் என்று குளிர்ந்த இனிப்புதான் வரும். முதலில் அதன் பெயர் 'கஃபே வியன்வா', வியன்னா காபி. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது, லியேழைச் சுற்றியிருந்த 12 கோட்டைகள் வழிமறித்தன. கடைசிக் கோட்டை விழ ஆகஸ்ட் 16 ஆயிற்று. அந்த நாட்கள் பிரான்சுக்குப் படைதிரட்ட உதவின. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 7 அன்று, பிரான்ஸ் அந்த நகரத்துக்கு லெழியோன் தொனேர் விருதை வழங்கியது. எதிரி நாட்டுத் தலைநகரான வியன்னாவின் பெயரை பாரிஸ் காபிக் கடைகள் அழித்தன. அந்த இடத்தில் லியேழ் ஏறியது. லியேழ் நகரத்திலோ வெகுகாலம் அதை வியன்னா காபி என்றே விற்றார்கள். தங்கள் ஊரின் பேரைத் தாங்கிய பதார்த்தம் தங்கள் ஊருடையது இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுடைய சொந்தப் பதார்த்தம் 'புலே சோஸ் லாபேன்'. லாபேன் என்றால் முயல். பன்றியும் மாடும் கலந்த பெரிய இறைச்சி உருண்டைகளை வெங்காயம், வினிகர், உலர்ந்த திராட்சை, ஆப்பிளும் பேரிக்காயும் காய்ச்சி எடுத்த லியேழ்ப் பாகு ஆகியவை சேர்ந்த இனிப்பும் புளிப்புமான குழம்பில் போட்டுத் தருவார்கள். முயல் அந்தப் பக்கமே வந்திருக்காது. வரி வசூல் அலுவலர் லாபேன் என்பவரின் மனைவி ழெரால்தீன் லாபேன் பெயரால் அந்தக் குழம்பு வழங்குவதாக லியேழ்க்காரர்கள் சொல்கிறார்கள். முயல்கறிக்கு வைக்கும் குழம்புதான் இது என்று வாதிடுபவர்களும் அங்கே உண்டு. எனக்கு அந்த அம்மையார் பக்கமே சாயத் தோன்றுகிறது. அரசர்கள், தளபதிகள் பெயர்களுக்கு நடுவே ஒரு குடும்பத்தலைவியின் பெயரும் இருக்கட்டும்.

ஊர்ப் பெயர் ஏமாற்றுவது லியேழோடு முடியவில்லை. பெயர்னேஸ் சாஸ் பிறந்தது பெயார்ன் பகுதியில் இல்லை. 1830களில் பாரிசுக்கு மேற்கே சேன் ழெர்மேன் ஆன் லேயில், நான்காம் ஹென்றி பெயர் தாங்கிய உணவகத்தில் பிறந்தது. பெயார்ன் அந்த அரசர் பிறந்த மண். சில சொற்கள் நாடு மாறினால் பொருளும் மாறும். 'ஆந்த்ரே' என்றால் பிரான்சில் முதலில் வரும் சிறு பதார்த்தம். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு முக்கியப் பதார்த்தம் என்று பொருள். இந்த ஒரு குழப்பத்தால் வயிறு நிறையாமல் எழுந்த அமெரிக்கர்கள் பலர்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பயமுறுத்தும் பெயர்களைவிடச் சாதுவான பெயர்களிடம்தான் அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த சாறில் செய்யப்படுகிறது. கீஷ் லோரேனில் பன்றிக்கறித் துண்டுகள் உண்டு. லியோன் சாலட்டிலும் லியேழ் சாலட்டிலும் அதேதான். நீஸ் சாலட்டில் மீன் இருக்கும். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பாரம்பரியக் கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன. வெறும் கிழங்குதானே என்று நம்பி வாங்குபவர்களுக்கு இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். முட்டை, மீன், பால், கடுகு, கொட்டை வகைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. மாட்டுக் கொழுப்போ எலும்புச் சாறோ அதில் இல்லை. எனவே அட்டவணையை மட்டும் நம்பி இருக்க முடியாது. அந்த அழகான பழைய பெயர்களை அழிக்கவேண்டியதில்லை. பெயருக்குக் கீழே, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி சேர்ப்பது உணவகங்களின் கடமை.

அதுவரை கேட்பது நம் பொறுப்பு. என்ன இறைச்சி, வெந்ததா பச்சையா, எந்தச் சாறில் செய்தது, எதில் பொரித்தது என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள். சர்வர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். பாரிஸ் உணவகங்கள் பலவற்றின் சமையலறைகளில் ஈழத் தமிழர்கள் வேலை செய்கிறார்கள். சர்வருக்குத் தெரியாவிட்டால் உள்ளே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லக்கூடியவர் அங்கே இருக்கலாம்.